பெயருக்கு உரியவர் யார்? – ஜிம் தார்ப் வரலாறு

நன்றாகப் பாடத் தெரிந்த கல்லூரி மாணவன் ஒருவன் விடுமுறையில் ஒரு திருமண வீட்டில் பாடிப் பணம் பெற்று வருகிறான். கல்லூரி அவனைத் தண்டிப்பதில்லை. மற்றொருவன் பத்திரிகைக்குக் கதை எழுதிச் சன்மானம் பெறுகிறான். அவனையும் யாரும் குறை கூறுவதில்லை. அறிவியல் பயிலும் எங்களுள் பலர் மாதந்தோறும் உதவித்தொகை பெற்றுக்கொண்டுதான் ஆய்வு செய்கிறோம். அதனால் அறிவியலின் தூய்மை கெட்டுவிட்டது என்று இதுவரை ஒருவரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. ஆனால் மாணவன் ஒருவன் ஓடியும் தாண்டியும் பந்து விளையாடியும் பணம் பெற்றால் மட்டும் அது குற்றம் என்னும் விதி அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் நிலவியது. தன் படத்தைக் கடைக்காரர் ஒருவர் விளம்பரத்தில் போட்டுக்கொள்ள இசைந்து கூலி வாங்கினாலும், அவன் கல்லூரி அணியில் ஆடும் தகுதியை இழந்தான். 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள்தான் அந்தத் தடை நீங்கிற்று.

தடை நீங்கியது நன்றா, தீதா என்னும் வழக்கு அந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. பணம் புகுந்தால் படிப்புக் கெடும் என்பர் ஒரு சாரார். உழைத்தவனுக்குக் கூலி மறுப்பது கொடுமை என்பர் மற்றொரு சாரார். இந்த வழக்கைக் குறித்துப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஜிம் தார்ப் என்னும் ஒரு மனிதரிடமே சென்று நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவரைப் போன்ற விளையாட்டு வீரர் உலகில் இலர் என்று போற்றப்பட்டவர் அவர். மாணவராக இருந்தபோது வாங்கிய சில டாலர்களுக்காக உலகறியத் தண்டிக்கப்பட்டவரும் அவரே. அவர் வாழ்க்கையை அறிந்துகொண்டால் வழக்கின் இரு புறமும் நமக்கு விளங்கும் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

தார்ப் 1887ஆம் ஆண்டு மே மாதத்தில் பிறந்தவர். பிறந்த இடம் இன்று ஒக்லஹோமா மாநிலத்தில் அடங்கியுள்ளது. அந்நாளில் அது மாநிலமாக ஆகவில்லை. வெள்ளையர் குடியேற்றத்தால் தம் நிலங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட பழங்குடி மக்களைக் கொண்டுவந்து இருத்திய பகுதி அது. நம் பள்ளிப் புத்தகங்கள் செவ்விந்தியர் என்று குறித்த அம்மக்களுள் 'சாக் அண்ட் ஃபாக்ஸ்' என்னும் குடியைச் சேர்ந்தவர் தார்ப். அவருக்குக் குடிமக்கள் இட்ட பெயர் வா-தோ-ஹக். ஒளி படர்ந்த பாதை என்பது அதன் பொருள் என்பர்.

பெயரில் இருந்த ஒளி இளமையில் இல்லை. அவருடன் இரட்டையராகப் பிறந்த சார்லி என்னும் சகோதரன் ஏறத்தாழ ஒன்பது வயதில் நுரையீரல் காய்ச்சலால் இறந்துபோனான். இருவரும் இணைந்தே ஓடி, வேட்டையாடி, குதிரை ஏறிப் பழகியவர்கள். சகோதரன் போன பிறகு தார்ப்புக்குப் பள்ளி கசந்தது. பல முறை பள்ளியை விட்டு ஓடினார். தந்தை அவரைத் தொலைவில் கன்சாஸ் மாநிலத்தில் இருந்த ஹாஸ்கல் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார். சில ஆண்டுகளில் தாயும் பிரசவத்தில் மறைந்தார். 1904இல் தார்ப் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கார்லைல் பள்ளியை அடைந்தார். அக்காலத்திலேயே தந்தையும் காலமானார். பதினேழு வயதை ஒட்டிய இளைஞர், தாய் தந்தை இருவரும் இன்றி, பிறந்த மண்ணுக்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் தனியே நின்றார்.

கார்லைல் பள்ளி

இந்தப் பள்ளியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். 1879இல் ரிச்சர்டு பிராட் என்னும் படை அதிகாரி, பழைய இராணுவக் குடியிருப்பு ஒன்றில் அரசாங்கத்தின் ஆதரவோடு இதனை நிறுவினார். பழங்குடிச் சிறுவர் சிறுமியரை அவர்களுடைய ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் பிரித்துக் கொணர்ந்து வெள்ளையரைப் போல் ஆக்கிவிடுவதே இதன் நோக்கம். சேர்ந்த அன்றே பிள்ளைகளின் நீண்ட கூந்தல் வெட்டப்பட்டது. சீருடை தரப்பட்டது. தாய்மொழியில் பேசினால் தண்டனை. பெயர்களும் மாற்றப்பட்டன. பாதி நாள் பாடம், பாதி நாள் தொழில். விடுமுறைக் காலங்களில் சுற்றுப்புறப் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் பிள்ளைகள் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். தார்ப்பும் அவ்வாறு பண்ணை வேலை செய்தவரே.

ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். பண்ணையில் மாணவன் உழைத்துக் கூலி பெறுவதை அந்தப் பள்ளி நல்லொழுக்கப் பயிற்சியாகக் கருதிற்று. அதே மாணவன் பந்து விளையாடிக் கூலி பெற்றபோதுதான் அது ஒழுக்கக்கேடு ஆயிற்று.

தார்ப்பின் ஆற்றல் வெளிப்பட்டது 1907ஆம் ஆண்டில். பயிற்சித் திடல் வழியாக வேலை உடையோடு நடந்து சென்றவர், அங்கே உயரத் தாண்டல் பழகியவர்களால் தாண்ட முடியாத கம்பியை ஓடி வந்து தாண்டிவிட்டுப் போனார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் அனைவரும் கூறுவர். செய்தி பயிற்சியாளர் வார்னரின் காதுக்கு எட்டியது. கிளென் வார்னர் அக்காலத்தில் பெயர் பெற்ற பயிற்சியாளர். அவர் தார்ப்பை ஓட்டப் பந்தயத்துக்கும், பிறகு கால்பந்துக்கும் எடுத்துக்கொண்டார். இது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரிகளை மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து.

கார்லைல் சிறிய பள்ளிதான். ஆயினும் அதன் அணி ஹார்வர்டு போன்ற பெரிய பல்கலைக்கழகங்களை அவற்றின் திடலுக்கே சென்று எதிர்த்தது. 1911ஆம் ஆண்டு நவம்பரில் ஹார்வர்டை 18க்கு 15 என்ற கணக்கில் வென்றது. அன்று காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய தார்ப், நான்கு முறை பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து 12 புள்ளிகளை ஈட்டினார். அடுத்த ஆண்டு வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியின் அணியும் 27க்கு 6 என்று தோற்றது. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசனோவர் அன்று தோற்ற அணியில் ஆடியவர்.

ஆட்டங்களைக் காண ஆயிரக்கணக்கானோர் கட்டணம் செலுத்தி வந்தார்கள். வசூலில் கார்லைலுக்கு ஒரு பங்கு உண்டு. அது பள்ளியின் விளையாட்டு நிதியில் சேர்ந்தது. நிதி வார்னரின் கையில் இருந்தது. 1914இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு ஒன்று இப்பள்ளியின் நிருவாகத்தை விசாரித்தபோது அந்த நிதி செலவழிந்த விதமும் கேள்விக்கு உள்ளாயிற்று. ஆட்டக்காரருக்கு அதிலிருந்து பணம் கொடுக்கப்பட்ட செய்தியும் அப்போது வெளிவந்தது. எனவே, பணம் வாங்காத தூய ஆட்டம் என்று சொல்லப்பட்டது அன்றும் முழு உண்மை இல்லை.

இரண்டு கோடைக்காலம்

1909ஆம் ஆண்டு கோடையில் தார்ப் கார்லைலை விட்டு வட கரோலினா மாநிலத்துக்குச் சென்றார். ராக்கி மவுண்ட் என்னும் ஊரின் பேஸ்பால் அணியில் சேர்ந்து ஆடினார். 1910 கோடையிலும் அங்கே ஆடினார். அதற்காக அவர் பெற்ற கூலி மிகச் சிறிது. ஓர் ஆட்டத்துக்கு 2 டாலர் என்று கூறுவோர் உண்டு. அதிகமாகக் கூறுவோரும் வாரத்துக்கு 35 டாலருக்கு மேல் கூறுவதில்லை. உணவுக்கும் தங்குவதற்கும் அது சரியாகப் போயிருக்கும்.

அக்காலத்தில் கல்லூரி மாணவர் பலர் கோடை விடுமுறையில் இவ்வாறு சிறு ஊர் அணிகளில் ஆடிப் பணம் பெறுவது வழக்கம். ஆனால் அவர்கள் சூழ்ச்சியாகப் புனைபெயரில் ஆடினார்கள். விடுமுறை முடிந்ததும் கல்லூரிக்குத் திரும்பித் தம் சொந்தப் பெயரில் பணம் பெறாத வீரர்களாக நின்றார்கள். தார்ப்புக்கு அந்தச் சூழ்ச்சி தெரியவில்லை. தெரிந்தும் வேண்டாம் என்று விட்டாரோ, சொல்ல இயலாது. அவர் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். அந்தப் பெயர் செய்தித்தாள்களிலும் ஆட்டக் கணக்குகளிலும் அச்சேறி நின்றது.

ஸ்டாக்ஹோம் வெற்றி

1911இல் வார்னர் அழைக்கத் தார்ப் மீண்டும் கார்லைலுக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஐந்தாம் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. தார்ப் அமெரிக்க அணியில் இடம் பெற்றார். பழங்குடி மக்கள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை தரும் சட்டம் 1924இல்தான் வந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதாவது, அவருடைய இனத்தாரில் பலரைக் குடிமக்களாக ஏற்காத ஒரு நாட்டின் கொடியைத்தான் அவர் சுமந்து சென்றார்.

ஸ்டாக்ஹோமில் அவர் கலந்துகொண்டவற்றுள் இரண்டு மிகக் கடினமானவை. முதலாவது ஐந்திறப் போட்டி. நீளத் தாண்டல், ஈட்டி எறிதல், 200 மீட்டர் ஓட்டம், வட்டு எறிதல், 1500 மீட்டர் ஓட்டம் ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டும். ஐந்தில் நான்கில் தார்ப் முதலாவதாக வந்தார். ஈட்டி எறிதல் ஒன்றுதான் கைதவறியது.

இரண்டாவது பத்துத்திறப் போட்டி. அதில் குண்டு எறிதல், உயரத் தாண்டல், 110 மீட்டர் தடை ஓட்டம், 1500 மீட்டர் ஓட்டம் ஆகிய நான்கிலும் அவரே முதல்வர். குண்டு எறிவதற்குப் பருத்த தோள் வேண்டும். 1500 மீட்டர் ஓடுவதற்கு மெலிந்த உடலும் மூச்சு வலிமையும் வேண்டும். ஒருவரிடம் இரண்டும் பொருந்துவது அரிது. தார்ப் பத்தாவது நிகழ்ச்சியாகிய அந்த ஓட்டத்தை 4 நிமிடம் 40.1 வினாடியில் முடித்தார். அக்காலக் கணக்குப்படி மொத்தம் 8,412 புள்ளிகளுக்கு மேல் பெற்றார். இரண்டாவதாக வந்த ஸ்வீடன் வீரர் ஹியூகோ வீஸ்லாண்டர் அவருக்கு 680 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியிருந்தார். ஸ்வீடன் அரசர் ஐந்தாம் குஸ்டாவ் தம் கையால் பரிசளித்துப் பாராட்டினார். நியூயார்க் நகரம் பிராட்வே வீதியில் வீரர்களை ஊர்வலமாக அழைத்துச் சென்றது.

பறிபோன பதக்கங்கள்

புகழ் ஆறு மாதமே நிலைத்தது. 1913 ஜனவரியில் வூஸ்டர் நகரப் பத்திரிகை ஒன்று, தார்ப் முன்பே கூலிக்குப் பேஸ்பால் ஆடியவர் என்னும் செய்தியை வெளியிட்டது. ஒலிம்பிக் பந்தயங்கள் அன்று அமெச்சூர்களுக்கு, அதாவது விளையாட்டினால் பணம் எதுவும் பெறாதவர்களுக்கு மட்டுமே உரியவை. ஓட்டப் பந்தயத்துக்காக இல்லாமல் வேறு ஓர் ஆட்டத்துக்காகப் பணம் வாங்கியிருந்தாலும் தகுதி போய்விடும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் அதன் தன்மை விளங்கும். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் வகுத்த விதி இது. சில படகுப் போட்டிகளில் உடலுழைப்புத் தொழிலாளி எவனும் கலந்துகொள்ளக் கூடாது என்றே எழுதி வைத்திருந்தார்கள். சோற்றுக்குக் கவலை இல்லாதவனுக்குக் கூலி வாங்காமல் ஆடுவது எளிது. தாய் தந்தையற்ற தார்ப்புக்கு அது எளிதாக இருந்திருக்குமா?

அமெரிக்க அமெச்சூர் ஒன்றியத்தின் செயலாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்குத் தார்ப் ஒரு கடிதம் எழுதினார். அதை எழுதுவதில் வார்னரின் கை இருந்தது என்பர். தாம் செய்தது தவறு என்று அறியாத பழங்குடி மாணவன் தாம் என்றும், மற்ற கல்லூரி மாணவர்கள் செய்ததையே தாமும் செய்ததாகவும், அவர்களைப் போல் பெயரை மறைக்கவில்லை என்றும் அதில் கூறினார். ஒன்றியம் இரங்கவில்லை. பின்னர் உலக ஒலிம்பிக் குழுவும் அவருடைய வெற்றிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. பதக்கங்கள் திரும்பப் பெறப்பட்டு, இரண்டாவதாக வந்த வீஸ்லாண்டருக்கும் நார்வே வீரர் ஃபெர்டினாண்ட் பீக்கும் உரியவை என்று அறிவிக்கப்பட்டன. அவ்விருவரும் அவற்றை மனமுவந்து ஏற்கவில்லை.

ஸ்டாக்ஹோம் பந்தயங்களுக்கென எழுதப்பட்டிருந்த விதி ஒன்று உண்டு. ஒரு வீரரின் தகுதி குறித்த ஆட்சேபம் பந்தயங்கள் முடிந்த 30 நாட்களுக்குள் எழுப்பப்பட வேண்டும். தார்ப் மீது எழுந்த குற்றச்சாட்டோ ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து வந்தது. ஒரு மாணவன் விதியை மீறினான் என்று தண்டித்தவர்கள், தம் விதியைத் தாமே மீறித்தான் தண்டித்தார்கள். அவரைத் தேடி அழைத்து ஆட வைத்த பயிற்சியாளருக்கோ, அவர் ஆட்டத்தால் வசூல் கண்ட பள்ளிக்கோ, அன்று இதற்காகத் தண்டனை ஏதும் இல்லை.

பெயர் படுத்திய பாடு

பட்டம் பறிபோனதும் மறைக்க ஒன்றுமில்லை. தார்ப் 1913இல் நியூயார்க் ஜெயண்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்தார். அவ்வாண்டு இறுதியில் அந்த அணி உலகப் பயணம் புறப்பட்டது. புதுமணத் தம்பதியாகத் தார்ப்பும் ஐவா மில்லரும் உடன் சென்றார்கள். ஜப்பான், ஆஸ்திரேலியா, எகிப்து எனச் சென்ற இடமெல்லாம் கூட்டம் ஒலிம்பிக் வீரரைக் காணவே வந்தது. பட்டியலில் இல்லாத வெற்றி, விளம்பரத்துக்கு மட்டும் பயன்பட்டது. 1919 வரை அவர் மேஜர் லீக் பேஸ்பால் ஆடினார்.

கால்பந்திலும் அவர் பெயருக்கு மதிப்பு இருந்தது. 1915இல் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகர அணி ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்து அவரை அமர்த்தியது. அது பெரிய தொகை என்று ஊரார் வியந்தார்கள். அவர் ஆடிய நாட்களில் கூட்டம் பெருகியதால் அணிக்கு நட்டம் இல்லை. 1920இல் தொழில்முறைக் கால்பந்துச் சங்கம் ஒன்று உருவானபோது அதன் முதல் தலைவராகத் தார்ப்பையே அமர்த்தினார்கள். நிருவாகத் திறனைவிட அவருடைய பெயருக்காகவே அந்தப் பதவி தரப்பட்டது என்பது வெளிப்படை. அந்தச் சங்கமே இன்று கோடிக்கணக்கான டாலர் புரளும் தேசியக் கால்பந்து லீக் ஆகும்.

அடுத்து நிகழ்ந்தது சற்று வேதனையானது. ஒஹாயோவில் லரூ என்னும் சிற்றூரில் வால்ட்டர் லிங்கோ என்பவர் நாய்ப் பண்ணை நடத்தி வந்தார். அவர் வளர்த்து விற்ற ஊராங் ஏர்டேல் நாய்களுக்கு விளம்பரம் வேண்டியிருந்தது. 1922இல் பழங்குடியினரை மட்டுமே கொண்ட கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஊராங் இந்தியர் அணி என்று பெயரிட்டு, தார்ப்பைத் தலைவராக்கினார். ஆட்ட இடைவேளையில் நாய்கள் வித்தை காட்டின. வீரர்கள் இறகு அணிந்து ஆடிப் பாடிக் காட்டினார்கள். அணி பெரும்பாலும் தோற்றது. லிங்கோவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நாய் விற்றால் போதும். இரண்டே ஆண்டில் அணி கலைந்தது.

1928இல் தார்ப்பின் ஆட்ட வாழ்வு முடிந்தது. அடுத்த ஆண்டே நாடெங்கும் பொருளாதார வீழ்ச்சி. கையில் சேமிப்பு இல்லை. குடிப்பழக்கம் இருந்தது. குடும்ப வாழ்வும் முறிந்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மண்வெட்டி பிடித்துக் கூலி வேலை செய்தார். 1931இல் தம் வாழ்க்கைக் கதையைப் படமாக்கும் உரிமையை மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்துக்கு 1,500 டாலருக்கு விற்றார். ஹாலிவுட் படங்களில் சிறு வேடங்களில் தலைகாட்டினார். பழங்குடி வேடங்களுக்கு வெள்ளையரைச் சாயம் பூசி நடிக்க வைப்பதை எதிர்த்து, தம் மக்களுக்கே அந்த வேலைகளைத் தர வேண்டும் என்று பட முதலாளிகளிடம் வாதாடினார். வறுமையிலும் அவர் தம் இனத்தாருக்காக நின்றதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1950இல் அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒன்று எழுத்தாளர்களிடம் வாக்கெடுத்து, அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் தார்ப்பே என்று அறிவித்தது. 1951இல் அவர் வாழ்க்கை வார்னர் சகோதரர் நிறுவனத்தின் திரைப்படமாக வெளிவந்தது. பர்ட் லங்காஸ்டர் தார்ப்பாக நடித்தார். அதே ஆண்டு தார்ப்புக்கு உதட்டில் புற்றுநோய் கண்டது. மருத்துவமனையில் சேர்ந்தபோது கட்டணம் செலுத்த வழியில்லாமல் தரும சிகிச்சை பெற்றார். 1953 மார்ச் 28ஆம் நாள் கலிஃபோர்னியாவில் லோமிடா என்னும் இடத்தில், சக்கரங்கள் மேல் நிற்கும் எளிய வண்டி வீட்டில், மாரடைப்பால் உயிர் நீத்தார்.

இறந்த பிறகும்

அவர் பெயர் வாணிபம் அதோடும் முடியவில்லை. பிறந்த மண்ணில் குடிமக்கள் முறைப்படி இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே மூன்றாம் மனைவி உடலை அங்கிருந்து எடுத்துச் சென்றார். பென்சில்வேனியாவில் நலிந்து கிடந்த மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்னும் இரு சிற்றூர்கள் அவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஊர்கள் ஒன்றாக இணைந்து 1954இல் ஜிம் தார்ப் என்று பெயர் சூட்டிக்கொண்டன. உடல் அங்கே அடக்கமாயிற்று. நினைவுச் சின்னம் எழுந்தது. வருகிறவர்களால் ஊர் பிழைக்கும் என்பது எண்ணம். தார்ப் வாழ்ந்த ஊர் அன்று அது. தந்தையின் உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுசெல்ல அவருடைய மகன் ஒருவர் 2010இல் வழக்குத் தொடுத்தார். 2013இல் ஒரு நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்நீதிமன்றம் 2014இல் அதை மாற்றிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

பதக்கங்களின் கதை வேறு. ஸ்டாக்ஹோமில் தார்ப்போடு போட்டியிட்டுத் தோற்ற ஏவரி பிரண்டேஜ் என்னும் அமெரிக்கர் 1952 முதல் 1972 வரை உலக ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார். அவர் காலத்தில் வேண்டுகோள்கள் எடுபடவில்லை. மேலே சொன்ன 30 நாள் விதி அச்சிட்ட நூலை ஆராய்ச்சியாளர் இருவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கண்டெடுத்த பிறகே, 1982இல் குழு இறங்கி வந்தது. 1983 ஜனவரியில் பதக்கங்களின் படிகள் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. அப்போதும் தார்ப் இணை வெற்றியாளர்தான். 2022 ஜூலையில்தான் இரண்டு போட்டிகளிலும் தனி வெற்றியாளர் அவரே என்று பட்டியல் திருத்தப்பட்டது. போட்டி நடந்து 110 ஆண்டுகள் கழிந்திருந்தன.

வழக்கின் இரு புறமும்

இவ்வரலாற்றிலிருந்து நான் காண்பது இது. அமெச்சூர் விதி ஆட்டத்திலிருந்து பணத்தை வெளியேற்றவில்லை. பணம் என்றும் இருந்தது. பள்ளி, பயிற்சியாளர், திடல் முதலாளி, பத்திரிகை, நாய் வியாபாரி, படக் கம்பெனி, ஊர் என எல்லோரும் தார்ப்பின் பெயரால் பெற்றார்கள். பெயரைத் தாங்கியவர் பெற்றபோது மட்டும் விதி விழித்துக்கொண்டது.

தார்ப்புக்குப் பிறகும் நூறாண்டு இதே நிலைதான். அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் மாணவ வீரர் என்னும் சொல்லை 1950களில் பரப்பியது. ஆட்டக்காரர் தொழிலாளராகக் கருதப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அச்சொல் உருவாக்கப்பட்டது என்று அக்கழகத்தின் நிருவாகியாக நெடுங்காலம் இருந்த வால்ட்டர் பையர்ஸ் பின்னாளில் எழுதினார். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபானன், கணினி விளையாட்டு ஒன்றில் தம் உருவமே ஓடியாடுவதைக் கண்டு 2009இல் வழக்குத் தொடுத்தார். அதற்காக அவருக்கு ஒரு காசும் வந்ததில்லை. 2019இல் கலிஃபோர்னியா மாநிலம், மாணவர் தம் பெயராலும் உருவத்தாலும் பொருள் ஈட்டலாம் என்று சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் படிப்பு சார்ந்த உதவிகளுக்குக் கழகம் விதித்த வரம்பு செல்லாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே கழகம் தன் தடையை எடுத்தது. 2025 ஜூனில் முடிவான உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் முதல் ஆண்டில் 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கே நேராகப் பங்கிடலாம்.

எதிர்ப்போரின் சொல்லையும் தள்ளிவிட முடியாது. விளம்பரப் பணம் கால்பந்து வீரனிடம் குவிகிறது. நீச்சல் வீராங்கனைக்குச் சிறிதே கிட்டுகிறது. ஒரே அணியில் ஒருவன் காரிலும் மற்றவன் கடனிலும் வாழ நேரலாம். விளம்பரம் என்ற பெயரில் செல்வர்கள் நல்ல ஆட்டக்காரரை விலைக்கு வாங்கி ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு இழுக்கிறார்கள் என்பதும் மெய். இவற்றுக்கு வரம்பு வேண்டும். ஆனால் வரம்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பல இலட்சம் டாலர் ஊதியம் பெறும் பயிற்சியாளரைக் கெடுக்காத பணம், ஆடுகிற மாணவனை மட்டும் கெடுத்துவிடும் என்பது எந்தக் கணக்கு?

பணம் மட்டும் போதும் என்றும் தார்ப்பின் வாழ்வு சொல்லவில்லை. ஆட்டத்துக்கு 250 டாலர் வாங்கியவர் தரும ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்ததே! கார்லைல் பள்ளி அவருக்குப் பண்ணை வேலை கற்றுக்கொடுத்தது, தையல் கற்றுக்கொடுத்தது. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. தம் கதையை 1,500 டாலருக்குக் கையெழுத்திட்டபோது அதன் மதிப்பு என்ன என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லை. ஆகவே, மாணவனுக்குத் தன் பெயர் மீது உரிமை வேண்டும். அந்த உரிமையைக் காத்துக்கொள்ளும் கல்வியும் வேண்டும். முதலாவதைச் சட்டம் தரலாம். இரண்டாவதைத் தர வேண்டியது கல்லூரி. வீரனின் ஆட்டத்தால் பெயர் பெறும் கல்லூரிக்கு அதுவே முதற்கடமை.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்றுப் படிக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அதிகாலையில் நாம் உறங்கும்போது அவர்கள் திடலில் ஓடுகிறார்கள். வெற்றி பெற்றால் அவர்கள் படம் பல்கலைக்கழகத்தின் சுவரொட்டியில் ஏறுகிறது. அந்தப் படத்துக்கு உரியவர் யார் என்று இங்கே இன்னும் பெரிதாகக் கேள்வி எழவில்லை. கிரிக்கெட்டில் புரளும் பணம் மற்ற ஆட்டங்களுக்கும் பரவும் நாளில் நிச்சயம் எழும். அன்று விதி எழுதப் போகிறவர்கள் ஜிம் தார்ப்பின் வரலாற்றை ஒரு முறை படித்துவிட்டு எழுத உட்கார வேண்டும் என்பதே என் விருப்பம்.